குடும்ப தினத்தில் நான் பேசிய நான்கு நிமிடம்

'பேலன்ஸ்' என்ற வார்த்தையை யாராவது என் காதுபடச் சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர் நல்லவராக இருக்கலாம். சிரித்த முகத்தோடு சொல்லலாம். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

நான் வேலை பார்ப்பது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. நாற்பது பேர் இருக்கிறோம். பதினோரு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வீடு செம்பூரில், பழைய கட்டடம், நாலாவது மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை. வீட்டில் நான்கு பேர். நான், என் கணவர், பத்தாவது படிக்கிற மகள், மாமனார். கணவர் நெருளில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் பிளானிங் பார்க்கிறார். எத்தனை பெட்டி, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கட்டம் போட்டு எழுதி வைப்பதுதான் அவர் வேலை. அதில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவார்.

போன வருஷம் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு ஹெச்.ஆர். மேடம் வந்தார். வயது முப்பதுக்குள். கெட்ட மனுஷி இல்லை. ஊழியர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். அதற்காக ஒரு சனிக்கிழமை 'ஃபேமிலி டே' என்று வைத்தார். மாதத்தில் எங்களுக்குக் கிடைக்கிற இரண்டு சனிக்கிழமை விடுமுறையில் ஒன்றை எடுத்து, குடும்பத்தோடு சேர்ந்து இருப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று காலை நான் மாமனாருக்கு மதியச் சாப்பாடும் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டு, மகளின் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுவிட்டு, கணவரின் சட்டையில் போன பட்டனைத் தைத்துவிட்டு, ஓடிப்போய் பஸ் ஏறினேன். கணவரும் மகளும் பின்னால் டாக்ஸியில் நிதானமாக வந்தார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விளையாட்டு, பாட்டு எல்லாம் முடிந்து பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. வீட்டையும் வேலையையும் மிக அழகாகச் சமன்செய்கிற பெண்ணுக்கு ஒரு பரிசு. என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கணவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டே கை தட்டுகிறார். அவருக்கு ஒரு வாரமாகவே தெரியுமாம். மேடம் ரகசியமாகப் போன் செய்து, வீட்டில் எடுத்த வீடியோ ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

விளக்கை அணைத்துத் திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள்.

முந்தின ஞாயிறு காலை எடுத்தது. எங்கள் வீட்டு ஹால். தரையில் பாய். மாமனார், மகள், கணவர் மூவரும் வட்டமாக உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். மகள் ஏதோ சொல்ல, மாமனார் பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார். கணவர் போனைத் தன் பக்கம் திருப்பி இந்தியில் பேசுகிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான், சேர்ந்து சாப்பிடுவோம், சின்னச் சின்ன சந்தோஷங்கள்தான் எங்களுக்குப் பெரிது, இதற்கெல்லாம் காரணம் என் மனைவி, அவள் களைத்துப் போய் நான் பார்த்ததே இல்லை, எல்லாவற்றையும் ரசித்துச் செய்வாள்.

அப்போது படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. தட்டில் தோசையைப் போட்டுவிட்டுப் போனது. திரும்பவும் வந்து சட்னி ஊற்றியது. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. தேய்ந்துபோன ஒரு கண்ணாடி வளையல். என் கை. ஒன்றரை நிமிட வீடியோவில் நான் வந்தது அவ்வளவுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'ஸப் குச் ஸம்பால் லேத்தி ஹை' என்று மைக்கில் சொன்னார். எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறாளாம். பரிசாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். நான்-ஸ்டிக் பாத்திர செட். மேலே தோசைக்கல் படம். கொடுத்துவிட்டு மைக்கையும் நீட்டி, எப்படி இந்த பேலன்ஸ் என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவள் இல்லை. 'தேங்க்யூ' என்று சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. பெட்டியைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில் பேச ஆரம்பித்தேன்.

எனக்கு பேலன்ஸ் எதுவும் இல்லை என்றேன். நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன், ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், அதைப் பிடித்தால்தான் வீட்டில் எல்லோரும் குளிக்க முடியும். மூன்று சாப்பாட்டு டப்பா கட்டுகிறேன். நான் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆனது என்று எனக்கே ஞாபகம் இல்லை, சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு விழுங்குவேன். சாயங்காலம் பஸ்ஸில் நிற்கிறபோது, வீடு போய்ச் சேராமல் இந்த பஸ் இப்படியே டிராஃபிக்கில் நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். இப்போது காட்டினீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. களைத்துப் போய்ப் பார்த்ததே இல்லை என்றார், பார்க்கவே இல்லை என்பதுதான் சரி. நாளைக்கு நான் செத்தால் இந்த வீட்டில் பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன். பிறகு அலுவலகத்தில் ஒரு பெண் சொல்லித்தான் தெரியும். பேசி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. பின் வரிசையில், வழக்கமாக எங்கள் மேஜைகளைத் துடைக்கிற அக்கா மட்டும் எழுந்து நின்றிருந்தார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

டாக்ஸியில் மூவரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். சயான் தாண்டியாயிற்று. அப்புறம் கணவர் ஆரம்பித்தார்.

"நாப்பது பேருக்கு முன்னால என்னைய நிக்க வச்சு அறைஞ்சிட்ட. வீட்ல வச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"முடியலன்னு சொன்னேன். இடுப்பு வலிக்குன்னு சொன்னேன். ஒரு நாளாவது தண்ணி பிடிங்கன்னு சொன்னேன். நீங்க 'ம்'னு சொல்லிட்டு டி.வி.யப் பாத்தீங்க."

"அதெல்லாம் சொல்லதா? எல்லாப் பொம்பளையும் சொல்லதுதான அது?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் டாக்ஸிக்காரர் இறக்கி விட்டிருப்பார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தாள். அவள் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மாவும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணிக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்குக் குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் வருகிறதற்கு முன்னால் அது அப்படித்தான் சீறும். மூடியிருந்த குழாய்க்குள் தண்ணீர் வந்து முட்டியது. பக்கத்து வீட்டில் டிரம் நிரம்புகிறது. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே படுத்திருந்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறரைக்குத் தண்ணீர் நின்றது.

ஏழு மணிக்கு மாமனார் குளியலறை வாசலில் மக்கோடு நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"தண்ணி வரலையா தாயி?"

"வந்துச்சு மாமா. போயிருச்சு."

"பிடிக்கலையா?"

"பிடிக்கல."

அவர் கொஞ்ச நேரம் காலி டிரம்மைப் பார்த்தார். அப்புறம், "அப்ப டிபன் உண்டா?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. நிஜமான சந்தேகம். ரயில்வே பட்டறையில் நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர், சங்கு ஊதினால் சாப்பாட்டு டப்பா முன்னால் இருக்க வேண்டும், இருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டுக் கணவர் எழுந்து வந்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று என்னிடமே கேட்டார். பதினெட்டு வருஷமாக அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு ரயில் ஏறுகிற மனுஷன் கேட்கிறார். அங்கே வெடித்தது. என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதினால் அசிங்கமாக இருக்கும். அவரும் விடவில்லை.

"கல்யாணமான புதுசுல நான் பாத்திரம் கழுவுனேன். ஞாபகம் இருக்கா? நீ என்ன பண்ணுன? அத்தனையையும் எடுத்துத் திரும்பக் கழுவுன. எங்கம்மா முன்னாலயே. அதோட விட்டுட்டேன்."

அது உண்மை. எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் கழுவியிருந்தார், நான் திரும்பக் கழுவினேன். உண்மையாக இருந்ததால் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக ஏறியது.

"ஒரு நாள் திரும்பக் கழுவுனதுக்குப் பதினெட்டு வருஷம் லீவா?" என்றேன்.

மகள் படுக்கையறையிலிருந்து வந்தாள். என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். பெண் பிள்ளைதானே. அவள் சொன்னாள், "அம்மா, உனக்கு இது வேணும்னுதான் பண்ற. நான் சப்பாத்தி போடறேன்னா வட்டமா வராதுன்னு தள்ளி விடுவ. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு நீயே பண்ணுவ. நேத்து ஸப்கே ஸாம்னே, அத்தனை பேர் முன்னாலயும், எங்களை வில்லன் ஆக்கிட்ட."

ஒரு அறை விட்டிருப்பேன். கை ஓங்கவில்லை, அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம். ஒரு பையில் மாற்றுத் துணியும் துண்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. தாராவிப் பக்கம் மாட்டுங்கா லேபர் கேம்பில் என் அம்மா தனியாக இருக்கிறாள். நான் பிறந்து வளர்ந்த அதே ஒற்றை அறை. ஞாயிறு காலையில் பையோடு வந்து நிற்கிற என்னைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள்.

"ஏட்டி, என்ன? எதுக்கு இப்பிடி காலங்காத்தால வந்து நிக்க?"

"குளிக்கணும்."

"குளிக்கதுக்கா செம்பூர்லருந்து வந்த?"

அறை மூலையில் அரைச் சுவர் எழுப்பிய மோரிதான் அங்கே குளியலறை, பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாம். அம்மா ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டாள். டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நான் செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா மாதிரியே ஒரு சொட்டையும் வீணாக்காத பெண் நான், அன்று பாதி டிரம்மைக் காலி செய்தேன். யாரும் சீக்கிரம் என்று குரல் கொடுக்கவில்லை. யாருக்கும் நேரமாகவில்லை. குளித்து முடிக்கும்போது அழுகையும் முடிந்திருந்தது.

ஈரத் தலையோடு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாப்பிள்ள தங்கமான ஆளு. குடிக்கல, அடிக்கல. சம்பளத்தக் கொண்டாந்து ஒங்கிட்டதான் குடுக்காரு. ஒங்கப்பா என்ன ஆட்டம் ஆடுனாருன்னு ஒனக்குத் தெரியும். வாய வச்சுக்கிட்டு இரு."

என் அப்பா குடித்தவர், அடித்தவர். அம்மா அந்த அளவுகோலை வைத்துத்தான் உலகத்து ஆண்களையெல்லாம் அளப்பாள். அதில் என் கணவர் எங்கேயோ உச்சியில் இருப்பார். குடிக்காததும் அடிக்காததும் ஒரு தகுதி என்றால் எங்கள் வீட்டு ஃபேன் கூடத்தான் குடிப்பதில்லை, அடிப்பதில்லை என்றேன். அம்மாவுக்குக் கோபம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தோம். இருந்தாலும் அவள் சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, தட்டில் போட்டு என் கையில் கொடுத்தாள். தான் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் போட்டுச் சாப்பிடும்மா" என்றேன், குரல் உயர்ந்துவிட்டது. பயந்துபோய்ப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது?

நான்கு நாட்கள் கணவர் என்னோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அந்தச் சீறல் கேட்டபோது, அவர் எழுந்து போகிற சத்தமும் கேட்டது. டிரம்முக்கு அடியில் இருக்கிற வடிகுழாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கால் மணி நேரம் ஊற்றியது வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு மூடினார்.

ஐந்தாம் நாள் ஆபீசிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அவர் கம்பெனியில் மெஷின்களுக்குப் போடுகிற மாதிரியே கட்டம். கிழமை, நேரம், ஆள். வெவ்வேறு வண்ணம். தலைப்பில் ஆங்கிலத்தில் 'அம்மாவுக்கு உதவி' என்று இருந்தது. பெருமையாக என் முகத்தைப் பார்த்தார்.

கிழித்துப் போட்டேன்.

"இதுக்கும் கோவமா?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"யாருக்கு உதவி? நீங்க குளிக்கிற தண்ணிய நீங்க பிடிச்சா அது எனக்கு உதவியா? உங்க அப்பாவுக்கு நீங்க சோறு போட்டா எனக்கு உதவியா? இது என் வேலை இல்ல, வீட்டு வேலை."

அவர் கிழிந்த தாளைப் பொறுக்கினார். மறுநாள் அதே கட்டம் மறுபடி ஃப்ரிட்ஜில் ஏறியிருந்தது, தலைப்பு இல்லாமல். நான் அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எழுதினால் பொய். மகள் பாத்திரம் கழுவுவாள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டபடி. நான் திரும்பக் கழுவாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு பால்கனியில் போய் நிற்பேன். மாமனார் தன் டீயைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி இரண்டு பாத்திரங்களைக் கரியாக்கினார். மூன்றாவது நாளிலிருந்து டீ வந்தது. அதை அவரைத் தவிர யாரும் குடிக்க முடியாது, அவ்வளவு சர்க்கரை. டாக்டர் கூடாது என்றதை எனக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ள அவருக்கு இது ஒரு வழி ஆனது. அதற்கும் ஒரு சண்டை போட்டேன். கணவர் காய் வெட்டினால் அடுப்படி முழுக்கத் தோல். என் வீட்டில் என் பாத்திரங்கள் அலமாரியில் தப்பான தட்டில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். மகள் சொன்னது சரிதான் என்று அப்போதெல்லாம் தோன்றும். அவளிடம் சொல்லவில்லை.

ஹெச்.ஆர். மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மன அழுத்தம் இருந்தால் ஆலோசகர் ஒருவர் ஆன்லைனில் இருக்கிறார் என்றார். எனக்கு ஆலோசகர் வேண்டாம், அந்தச் சனிக்கிழமை லீவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தார்கள், எல்லோருக்கும்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா கொஞ்சம் சாயலாம் என்று படுத்தேன். ஞாயிறு மதியம் நான் படுப்பதே இல்லை. மூன்று மணிக்கு டீ, அப்புறம் துணி, அப்புறம் மாவு. வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது மணி ஐந்தே முக்கால்.

பதறி எழுந்தேன். ஏதோ தப்பு நடந்துவிட்டது போல இருந்தது. ஹாலுக்கு ஓடினால் மகள் மட்டும் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மடிப்பு கோணல்மாணலாக இருந்தது. அப்பாவும் தாத்தாவும் கீழே டீக்கடைக்குப் போயிருக்கிறார்கள் என்றாள்.

"என்னைய எழுப்ப வேண்டியதுதான?"

"எதுக்கு?" என்று கேட்டாள்.

நான் இல்லாமல் இந்த வீடு மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. முதலில் வந்தது, நம்புங்கள், கோபம்தான். அப்படியானால் இத்தனை வருஷம் என்னத்துக்கு? அந்தக் கேள்வியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இல்லாமல், கழுவிக் காயவைத்த மாதிரி லேசாக இருந்தது. கன்னத்தில் பாயின் அச்சு பதிந்திருப்பதாக மகள் சொல்லிச் சிரித்தாள். நானும் தடவிப் பார்த்தேன். மழை விட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. ஒரு வேலையும் இல்லாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், கோபம் இருக்கும்போதே சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, கட்டத்தின்படி டப்பா கட்டுவது அவர் முறை. ஆபீசில் மதியம் டப்பாவைத் திறந்தேன். உப்புமா. கரண்டியால் குத்தினால் கட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரி தன் சாம்பார் சாதத்தில் பாதி தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டு, உட்கார்ந்து, முழுவதையும் தின்றேன்.

நெருளிலிருந்து போன் வந்தது.

"சாப்பிட்டியா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்ல. உப்பு கூடிப்போச்சு. கட்டி கட்டியா இருக்கு."

அவருக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். பிறகு சிரித்தார். "அப்ப நாளைக்கு நீயே பண்ணிரேன்."

"முடியாது. நாளைக்கும் உங்க முறைதான்," என்றேன்.